மறதிக்கு ஒரு சிவப்பு நாடா



லயன் வீட்டுச் சுவரில் குளவி மண்கூடு கட்டினால், "வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறாள்" என்று பாட்டிமார் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கூட்டை இடிக்கவும் விடமாட்டார்கள். பூட்டுத் துவாரம், ஜன்னல் இடுக்கு, பழைய குழாய் என்று எங்கே சின்ன ஓட்டை கண்டாலும் குளவி மண்ணைக் கொண்டுவந்து அடைத்துவிடும். அதே குளவி ஓர் ஆகாய விமானத்தையே வீழ்த்திவிடும் என்றால் நம்புவீர்களா?

விமானத்தின் மூக்குப் பக்கத்தில் சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பீட்டோ குழாய் என்று அதற்குப் பெயர். எதிர்க்காற்று அதில் மோதும் அழுத்தத்தைக் கொண்டுதான் விமானம் என்ன வேகத்தில் போகிறது என்பது விமானிக்குத் தெரிகிறது. குழாய் அடைபட்டால் வேகமானி பொய் சொல்லும். 1996 பிப்ரவரி 6-ஆம் தேதி, டொமினிக்கன் குடியரசில் ஒரு போயிங் 757 விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. 189 பேரும் மாண்டனர். பறக்காமல் பல நாள் தரையில் நின்ற விமானம் அது. குழாய்களுக்கு உறை போடாமல் விட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றைக் குளவி அடைத்திருக்கலாம் என்பது விசாரித்தவர்களின் கணிப்பு.

"உறையைப் போட்டுவிட்டால் தீர்ந்தது" என்பீர்கள். போட்டார்கள். பிறகு நடந்ததைக் கேளுங்கள். இது நம் நாட்டு விமானத்தின் கதை.

2018 ஜூலை 18-ஆம் தேதி இரவு. மலேசியா ஏர்லைன்ஸின் ஏர்பஸ் விமானம் ஒன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்ப ஆயத்தமாக நின்றது. பிரிஸ்பேன் விமான நிலையத்தில் குளவித் தொல்லை அதிகம். ஆகவே விமானம் நிற்கும்போதே மூன்று குழாய்களுக்கும் உறை மாட்டினார்கள். பறக்குமுன் கழற்ற வேண்டும் என்பதை நினைவூட்ட ஒவ்வோர் உறையிலும் சிவப்பு நாடா தொங்கும். அப்படியிருந்தும் மூன்று உறைகளுடனேயே விமானம் மேலே கிளம்பிவிட்டது! வேகம் சரியாகக் காட்டவில்லை என்பதை விமானிகள் உணர்ந்தபோது, ஓடுபாதையில் பத்திரமாக நிறுத்தும் கட்டம் தாண்டிவிட்டது. மாற்று முறையைக் கையாண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதே நிலையத்தில் பத்திரமாக இறக்கினார்கள். ஓர் உயிருக்கும் சேதமில்லை.

யார் தப்பு? உறை மாட்டியவரா? பொறியியலாளரா? விமானத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டிய விமானியா? வண்டியைத் தள்ளிவிடுமுன் கடைசியாகப் பார்க்க வேண்டிய தரை ஊழியரா? ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கை 2022-இல் வெளிவந்தது. செய்ய வேண்டிய சோதனைகளில் சில அரைகுறையாக நடந்தன, சில நடக்கவே இல்லை என்றது அது. உறை மாட்டிய விவரம் விமானத்தின் பதிவேட்டில் எழுதப்படவில்லை. "அவர் பார்த்திருப்பார்" என்று ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்பினால், கடைசியில் பார்த்தவர் ஒருவருமில்லை.

இத்தகைய தவறுகளைத் தடுக்க ஒரு தனிப் பாடமே இருக்கிறது. கனடா நாட்டுப் போக்குவரத்துத் துறையில் பணிபுரிந்த கோர்டன் டியூபாண்ட் என்பவர் 1993-இல், விமானப் பராமரிப்பில் மனிதன் தவறுவதற்கான பன்னிரண்டு காரணங்களைத் தொகுத்தார். அசதி, அவசரம், மன உளைச்சல், கவனச் சிதறல், 'தினமும் செய்வதுதானே' என்கிற மெத்தனம், அடுத்தவருக்குச் சரியாகச் சொல்லாமை, பெரியவரிடம் 'இது சரியில்லை' என்று சொல்லத் துணிவில்லாமை ஆகியவை அவற்றில் சில. இன்று மலேசியாவிலும் விமானப் பராமரிப்பு உரிமத்துக்குப் படிப்பவர்கள் மனிதக் காரணிகள் என்ற இந்தப் பாடத்தில் தேர்வு எழுதியாக வேண்டும்.

அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விதி. வேலையின் நடுவே யாராவது கூப்பிட்டு, திரும்பி வந்தால், விட்ட இடத்தில் தொடங்காதே. மூன்று படி பின்னே போய்த் தொடங்கு! 'செய்துவிட்டேன்' என்று மனம் சொல்லும். ஆனால் கை செய்திருக்காது.

"நமக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்காதீர்கள். நம் கெடா மாநிலத்தின் புக்கிட் காயூ ஹீத்தாமில் விமான இறக்கைப் பாகங்கள் செய்யும் ஆலை இருக்கிறது. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்க்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொருகும்போது ஒரு திருகாணியை முடுக்கினோமா இல்லையா என்பது யாருக்கும் மறக்கும்.

வீட்டிலும் அப்படித்தான். பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கும்போது கைப்பேசி அடிக்கிறது. பேசி முடித்த பின், கொடுத்தோமா இல்லையா? புல்லுக்கு அடிக்கும் மருந்தை யாரோ குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கிறார். மற்றவருக்குச் சொல்லவில்லை. தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? இங்கேயும் ஒரு சிவப்பு நாடா வேண்டும். மாத்திரை கொடுத்ததை நாட்காட்டியில் குறியுங்கள். மருந்தை அதன் சொந்தப் போத்தலிலேயே பூட்டி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தக் காலத் தோட்டத்தில் தப்பை ஒப்புக்கொண்டால் பிரட்டுக்களத்தில் எல்லார் முன்னும் ஏச்சு விழும். ஆகவே மறைக்கப் பழகினோம். விமானத் தொழிலோ, வேண்டுமென்றே விதி மீறியவரைத் தண்டிக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று தானே வந்து சொல்பவரை ஒடுக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டது. மறைத்த தப்புதான் ஆளைக் கொல்லும்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! நாளை உங்கள் பிள்ளை, "அம்மா, அடுப்பை அணைக்க மறந்துட்டேன்" என்று வந்து நின்றால், கையை ஓங்காதீர்கள். முதலில் அடுப்பை அணையுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, "எப்படி மறந்தாய், இனி மறக்காமலிருக்க என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். இன்று உங்களிடம் பயமில்லாமல் சொல்லும் பிள்ளைதான் நாளை தொழிற்சாலையிலும் "ஐயா, அந்த உறையை நான் கழற்றவில்லை" என்று வாய் திறந்து சொல்லும்.