கச்சான் வீசும் மாதங்களில் அரைப்பேர்

பிரான்சின் போர்தோ பகுதியில் உள்ள பழைய திராட்சைத் தோட்டமொன்றின் சிவப்பு வைன் போத்தலைக் கையில் எடுத்தால், லேபலில் பெரிதாக இருப்பது தோட்டத்தின் பெயர். அறுவடை ஆண்டும் கூடவே இருக்கும். 1855 இல் அங்குள்ள தோட்டங்களைத் தரம்பிரித்து எழுதிய பட்டியல் மிகச் சில மாற்றங்களுடன் இன்றும் செல்லுபடியாகிறது. ஒரு காலத்தில் பீப்பாவில் வாங்கிச் சென்ற வியாபாரியே வைனைப் போத்தலில் அடைத்து விற்றார். 1924 இல் முத்தோன் ரோத்ஷில்ட் தோட்டம் முழு அறுவடையையும் தானே போத்தலில் அடைக்கத் தொடங்கியது. பெரிய தோட்டங்கள் பலவும் அந்த வழிக்கு வந்தன.

நமக்கும் வைனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை மலைகளில் அதேபோன்ற ஒரு பருவம் ஆண்டுதோறும் வருகிறது, அதனால்தான்.

யூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலை இடைவெளிகள் வழியாக ஊவாவுக்குள் உலர்ந்து நுழைகிறது. மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு இந்தக் காற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இது கச்சான். ஆங்கிலத்தில் எழுதும் தேயிலை வணிகர்களும் இதே தமிழ்ச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். காற்றும் வெயிலும் பகலில் செடியை வாட்ட, இரவில் குளிர் இறங்குகிறது. கொழுந்தில் மெதைல் சலிசிலேற்று என்ற சேர்மம் கூடுகிறது. வலிக்குத் தடவும் தைலங்களில் மணக்கும் அதே பொருள்தான். அந்தக் குளிர்ந்த வாசனைக்காகவே ஊவாத் தேயிலையை டார்ஜிலிங், சீனாவின் கீமன் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறார்கள். நல்ல வைனுக்கு வயது ஏற ஏற மதிப்புக் கூடலாம். தேயிலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வைத்திருந்தால் மணம் போய்விடும்.

செடி வாடினால் மணம் கூடும், ஆனால் கொழுந்து குறையும். தோட்டத்தில் ஒரு நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோ அளவு குறிக்கப்பட்டிருக்கும். அதை எட்டினால் முழுப்பேர். எட்டாவிட்டால் பல தோட்டங்களில் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். மழைக்காலத்தில் கூடை தானாக நிரம்பும். கச்சான் காலத்தில் அதே மலையை இரண்டு தடவை சுற்றினாலும் நிரம்பாது. உலகம் கூடுதல் விலை கொடுக்க விரும்பும் கொழுந்தைப் பறிக்கும் மாதங்களில்தான் அதைப் பறிக்கும் பெண்ணின் கை வெறுமையாகிறது. சம்பளப் பேச்சுவார்த்தைகளில் இந்த முரண்பாடு பேசுபொருளாவது அரிது.

அங்கே பேசப்படுவது எப்போதும் ஒற்றை எண். 2021 இல் 1000 ரூபாய். 2024 இல் 1700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் 1350 ரூபாயில் நின்றது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, அரசு தன் பங்குக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் வரவு ஊக்குவிப்பாகத் தருவதாக அறிவிக்கப்பட்டது. 1750 என்பது தலைப்புச் செய்திக்கு நல்ல எண்தான். ஆனால் வேலைக்கு வந்தும் அரைப்பேர் விழுந்தால் அந்த எண் யாருடையது?

கம்பனிகள் சொல்லும் உற்பத்திச் செலவுக் கணக்கு முழுப் பொய்யல்ல. வயதான செடிகள் மறுநடுகை இல்லாமல் நிற்கின்றன. தேயிலையின் பெரும்பகுதி, 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் விற்கப்பட்டு, பல தோட்டத் தூள்களுடன் கலக்கப்பட்டு, யாரோ ஒருவரின் பெயரில் கடைக்குப் போகிறது. போர்தோ 1924 இல் விட்டு வெளியேறத் தொடங்கிய இடத்தில் நாம் இன்னும் நிற்கிறோம். 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். தம்பேதென்னை என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? லிப்டன் உலகத்துக்கே தெரியும். தோட்டப் பெயரோடு பொதி செய்து விற்கும் முயற்சிகள் இப்போது உண்டு. அப்படிக் கிடைக்கும் கூடுதல் விலையில் கொழுந்து பறித்தவருக்கு ஒரு பங்கு என்று எந்த வர்த்தமானியும் சொல்லவில்லை.

வன்னியில் இதை வாசிப்பவர்கள் பலருக்கு இது அடுத்த ஊர்க் கதை அல்ல. 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள், பிறகு போரின் முன்வரிசையில் நின்றன. அந்தக் குடும்பங்களின் பாட்டிமார் இந்தச் சரிவுகளில் பேர் போட்டவர்கள்.

தோட்டத்தில் மிஞ்சியிருப்பவர்களின் பிள்ளைகள் வெலிமடையின் உருளைக்கிழங்கு, போஞ்சித் தோட்டங்களுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போகிறார்கள். கச்சான் மாதங்களுக்கு மட்டுமாவது கிலோ அளவைக் குறைத்து, ஏலத்தில் கிடைக்கும் பருவகால மேலதிக விலையில் ஒரு விகிதத்தைப் பறிப்பவருக்கு எழுதிவைக்கலாம். தொழிற்சங்கங்கள் இதைச் சம்பள நிர்ணய சபையில் கேட்கத் தடையேதும் இல்லை. ஏல விலைகள் பகிரங்கமானவை, கணக்குப் பார்ப்பதும் கடினமல்ல.