மந்திரிக்கும் முன் ஒரு கணக்கு

திருவருகைக் காலம் காத்திருத்தலின் காலம் என்று மறையுரையில் நாம் சொல்கிறோம். அதே நான்கு வாரங்களில்தான் வாகன விற்பனை நிலையங்கள், “31ஆம் தேதி வரை மட்டுமே” என்று முழங்குகின்றன. நம் மக்கள் காலையில் நம்மைக் கேட்கிறார்கள், மாலையில் அவர்களைக் கேட்கிறார்கள். யார் பேச்சு எடுபடுகிறது என்பதை அறிய அதிகத் தூரம் போக வேண்டியதில்லை. மயிலையிலிருந்து அடையாறு வரையுள்ள நம் ஆலய வளாகங்களில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மாலையும் நாடாவும் கட்டி, மந்திரிப்பதற்காக வரிசையில் நிற்கும் புது வண்டிகளைப் பார்த்தாலே போதும்.

சென்ற டிசம்பரில் ஒரு குடும்பத் தலைவர் வண்டி வாங்கும் முன்பே என்னிடம் வந்தார். அதுவே அபூர்வம். தியாகராய நகரில் வாடகை வீடு, தனியார் நிறுவன வேலை, இரண்டு பிள்ளைகள். கையில் ஒரு தாள். “மாசம் 18,406 ரூபாய்தான் ஃபாதர். எடுக்கலாமா?” என்றார். “வண்டி என்ன விலை தம்பி?” என்று கேட்டேன். சிறிது யோசித்து, “பதினாலோ பதினஞ்சோ வரும்” என்றார்.

அன்பார்ந்த வாசகரே, இந்த விடையைச் சற்றே எண்ணிப்பாருங்கள். தவணைத் தொகை ஆறு ரூபாய் வரை மனப்பாடம்; விலையோ லட்சக் கணக்கில் தடுமாற்றம். இவர் படிக்காதவர் அல்லர். வெண்டைக்காய் வாங்கும்போது கிலோ என்ன விலை என்று கேட்டுத்தான் வாங்குகிறார். அவருடைய கண் எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது என்று வேறு யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். நான் எதிர்ப்பது வண்டியை அன்று, இந்த ஏற்பாட்டை.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வண்டியின் விலை 14 லட்சம். 10 லட்சத்திற்கு மேல் 20 லட்சம் வரையிலான வண்டிகளுக்குத் தமிழகத்தில் 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி 18 விழுக்காடு. அது இரண்டரை லட்சம். காப்பீடும் பிறவும் சேர்ந்து 17 லட்சத்தைத் தாண்டியது. சேமிப்பிலிருந்து 5 லட்சம் போக 12 லட்சம் கடன், 7.5 விழுக்காடு ‘சலுகை வட்டி’, 84 மாதங்கள். 18,406ஐ 84ஆல் பெருக்கினால் 15,46,104. வட்டி மட்டும் ஏறத்தாழ மூன்றரை லட்சம். இதே கடனை ஐந்து ஆண்டுகளில் அடைத்தால் வட்டி ஒரு லட்சம் குறைந்திருக்கும். ஆனால் மாதத் தவணை 24,000ஐத் தாண்டும். அப்படிச் சொன்னால் அவர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போயிருப்பார். ஆகவேதான் ஏழாண்டு.

தாளின் அடியில் சிறிய எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. ரொக்கமாக வாங்குவோருக்கு 50,000 ரூபாய் தள்ளுபடி; சலுகை வட்டியில் வாங்குவோருக்கு அது இல்லை. அப்படியானால் அந்த ஐம்பதாயிரம் என்ன? பெயர் மாற்றிக்கொண்ட வட்டியே அது! அதையும் சேர்த்துப் பார்த்தால் 7.5 விழுக்காடு என்பது உண்மையில் ஏறத்தாழ 8.8 விழுக்காடு. சலுகை எங்கே?

குருமடத்தில் திருச்சபைச் சட்ட வரலாறு படித்தபோது எனக்கு அலுப்பூட்டிய பகுதி ஒன்று அன்று நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெனோவா நகரப் பேராயர் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தரிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். அந்நகர வணிகத்தில் மிளகும் இலவங்கப்பட்டையும் கைமாறுகின்றன. இன்று ஐந்து பவுன் மதிப்புள்ள சரக்கைப் பெற்றுக்கொண்டு, குறித்த தவணையில் ஆறு பவுன் தருவதாக வாக்களிக்கிறார்கள். இது வட்டியா, விற்பனையா? (அந்த மிளகும் பெரும்பாலும் நம் மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிப் போனதுதான்.) வடிவத்தில் இது வட்டி ஆகாது, ஆயினும் தவணை நாளில் சரக்கின் விலை ஏறுமா இறங்குமா என்ற மெய்யான ஐயம் இருந்தாலன்றி விற்பவர் குற்றத்திலிருந்து தப்ப முடியாது என்பது திருத்தந்தையின் விடை. 1234இல் ஒன்பதாம் கிரகோரி தொகுப்பித்த சட்டத் திரட்டிலும் அது இடம்பெற்றது. நியாயமான வட்டியை இன்று திருச்சபை பாவம் என்பதில்லை. ஆனால் வட்டியை விலைக்குள் ஒளித்து வைப்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அது கண்டுகொண்டது. புதிய வண்டியின் விலை தவணை முடிவில் ஏறுமோ என்ற ஐயம் யாருக்காவது உண்டா?

அரசும் உறங்கவில்லை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று சொல்லி, 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அத்தகைய பூச்சிய வட்டித் திட்டங்களைக் கண்டித்தது. 2024 அக்டோபர் முதல் தனிநபர் கடன் எதுவாயினும், கட்டணங்கள் உட்பட ஆண்டுக்கு உண்மையில் எத்தனை விழுக்காடு ஆகிறது என்று காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் தருபவர் கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள். ஆனால் விற்பவர் தராமல் விட்ட ஐம்பதாயிரத்தை அந்தத் தாளிலும் தேடிக் காண முடியாது. அதை நாமேதான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் அவசரத்திற்கும் காரணம் உண்டு. டிசம்பரில் வாங்கிய வண்டி சில நாளில், தயாரிப்பு ஆண்டின்படி, ‘சென்ற ஆண்டு வண்டி’ ஆகிவிடுகிறது. பிற்பாடு விற்கும்போது அந்த ஓராண்டைக் கழித்துத்தான் விலை பேசுவார்கள். ஜனவரிக்குள் கிடங்கு காலியாக வேண்டும் என்பது அவர்களுடைய கவலை; அதை நம் குடும்பத்தின் கவலையாக மாற்றுவதற்குப் பெயர் கிறிஸ்துமஸ் சலுகை.

“வரி குறைஞ்சிருக்கே ஃபாதர்” என்றார். உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாயிற்று, பெரியவற்றிற்கும் செஸ் நீங்கி 40 விழுக்காட்டில் நின்றது. ஆனால் குறைந்த வரி அவருடைய கடனைக் குறைக்கவில்லை. முதலில் பார்த்த சிறிய காரை விட்டுவிட்டு எஸ்.யு.வி.க்கு ஏறுவதற்கே அது படிக்கட்டாயிற்று. அவர் மட்டுமா? 2023-24 நிதியாண்டில் நாட்டில் விற்ற 42 லட்சம் பயணிகள் வாகனங்களில் 25 லட்சம் இந்தப் பெரிய வகையைச் சேர்ந்தவை.

குடும்பப் பாதுகாப்பு என்கிறார்கள். மழை வெள்ளத்தில் உயரமான வண்டி நல்லது என்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்தில் உயரமான வண்டி, தாழ்ந்த வண்டி என்று நீர் தரம் பார்த்ததா? 2023இல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வண்டிகளை வரிசையாக ஏற்றி நிறுத்தியதை மறந்துவிட்டோமா? குடும்பத்தைக் காக்க வந்ததை, குடும்பம் இரவில் எழுந்து காக்க வேண்டியதாயிற்று. நீர் புகுந்த எஞ்சினை முடுக்கிக் கெடுத்துக்கொண்டால், தனியே கூடுதல் காப்பு எடுத்திருந்தாலன்றி வழக்கமான காப்பீடு அதை ஏற்பதில்லை.

நிறுத்துவது எங்கே என்று கேட்டேன். “தெருவுலதான்” என்றார். மாடவீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் முதியவர்கள் நடக்கும் ஓரம் ஏற்கெனவே இரும்பாகிவிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலின் 153ஆம் பத்தி, ஓரிருவர் மட்டுமே பயணிக்கும் கார்கள் நகரங்களை நிரப்புவதையும், பொதுப் போக்குவரத்தில் மக்கள் மாண்பிழந்து நெருக்கப்படுவதையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. நாம் அதற்குக் கருத்தரங்கு நடத்தினோம். பலர் தனித்தனிக் காரில் வந்தார்கள். குருக்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு: புத்தம்புதிய காரில் ஒரு குருவையோ துறவியையோ காணும்போது தம் மனம் நோகிறது என்று அவர் 2013 ஜூலையில் குருமாணவரிடமும் நவதுறவியரிடமும் சொன்னபோது, எம்மில் சிலர் சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் தள்ளினோம்.

நடக்க இயலாத பெற்றோரை வாரம் மும்முறை சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்திற்கு வண்டி ஆடம்பரம் அன்று. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை வேளாங்கண்ணிக்கும் ஒரு முறை சொந்த ஊருக்கும் போவதற்கு வாடகை வண்டி போதும்.

கணக்கு முடிந்தபோது, “மாதம் 18,406 எங்கிருந்து வரும்?” என்று கேட்டேன். அப்போதுதான் அவர் தலை குனிந்தது. கணவரை இழந்த அக்காவின் மகன் பொறியியல் படிக்கிறான். பருவக் கட்டணத்தை இவர்தான் கட்டி வருகிறார். “ரெண்டு வருஷம் கல்விக் கடன் போட்டுக்கச் சொல்லலாம்னு இருக்கேன். அக்கா புரிஞ்சுக்குவாங்க.”

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். வங்கியிடம் ஒரு மாதம் பொறு என்று சொல்ல முடியாது, அபராதம் வரும். அக்காவிடம் சொல்லலாம், அக்கா புரிந்துகொள்வாள். தவணை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அபராதம் விதிக்கத் தெரியாதவர்கள்தான் முதலில் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்கள்: ஊரிலிருக்கும் தாய், விதவைச் சகோதரி, வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியல். கோபுரம் கட்டப் புகுமுன் உட்கார்ந்து செலவைக் கணிக்கச் சொன்ன ஆண்டவர், செங்கல்லை மட்டுமா எண்ணச் சொன்னார்?

வண்டி டிசம்பர் 30ஆம் தேதி வந்தது. வெள்ளை நிறம். பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் தீர்த்தம் தெளித்து மந்திரித்தேன். அக்கா மகனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

இனிமேல் வண்டி மந்திரிக்கப் பெயர் கொடுப்பவர்கள் முன்பதிவின்போது அந்த முக்கிய விவரத் தாளையும் கொண்டுவர வேண்டும் என்றும், கணவனும் மனைவியும் சேர்ந்து பத்து நிமிடம் என்னோடு உட்கார வேண்டும் என்றும் பங்குப் பேரவையில் சொல்லிவிட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள். பக்கத்துப் பங்கில் கேள்வி கேட்காமல் மந்திரிக்கிறார்கள் என்று ஒருவர் எழுந்து சொன்னார். அந்தப் பங்குத்தந்தையும் இந்த இதழைப் படிப்பவர்தான்.