வெட்டின் நீளம் உறுதி தராது

"காதுக்குப் பின்னால் வெட்டித் திறந்தால்தான் செவிப்பறை ஓட்டை சரியாக அடைபடும், எண்டோஸ்கோப் வெறும் மோகம்" என்ற வாதம் தவறு. ஓட்டையை மூட வைக்கும் திசு ஒட்டு பிடிப்பதற்கு ஓட்டையின் விளிம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுக்காதுக்குக் காற்றும் போக வேண்டும். வளைந்த காதுக்குழாயில் மைக்ராஸ்கோப்புக்கு மறையும் முன்விளிம்பை, 3 அல்லது 4 மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப் நேராகக் காட்டுகிறது. ஒட்டுக்கான திசுவைக் காதுத் துளைக்கு முன்னுள்ள குருத்தெலும்பிலிருந்தே எடுக்கலாம். ஒட்டு பிடிப்பதில் இரு முறைகளும் ஏறக்குறைய சமம் என்றே ஒப்பீட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

எண்டோஸ்கோப்பை ஒரு கை பிடித்திருப்பதால் மறு கையால்தான் வேலை செய்ய முடியும், ரத்தம் கசிந்தால் சிரமம் என்பது உண்மை. அதற்குத் தீர்வு பயிற்சி, நிராகரிப்பு அல்ல. காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்புக்கு நோய் பரவியிருந்தால் பின்வெட்டு தேவைப்படலாம். மற்ற நோயாளிகளிடம், காதுக்குப் பின்னால் தழும்பில்லாத வழியும் உண்டென்று மருத்துவர்கள் சொல்லியாக வேண்டும்.