கதவு திறந்திருந்தால் போதுமா?



சென்ற மாதம் ஆராதனை முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நம் சபைத் தங்கை ஒருத்தி தன் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொன்னாள். அவள் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறவள். அங்கே ஒரு மேக்கர்ஸ்பேஸ் இருக்கிறது. 3டி பிரிண்டர், லேசர் கட்டர், தையல் இயந்திரம், சால்டரிங் மேசை எல்லாம் வைத்து, எந்தத் துறை மாணவரும் தான் நினைத்ததைத் தன் கையாலேயே செய்து பார்க்கலாம் என்று திறந்திருக்கும் பட்டறை அது. வாசலில் "அனைவரும் வருக" என்று பலகை.

உள்ளே போனாள். மேசைகள் அவள் மார்பு உயரத்துக்கு நின்றன. லேசர் கட்டரின் மூடியைத் திறக்கவோ, அவசரத்தில் நிறுத்தும் பொத்தானை அழுத்தவோ கை எட்டவில்லை. ஆகவே பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க முடியவில்லை. பயிற்சி முடிக்காதவர் இயந்திரத்தைத் தொடக் கூடாது. பொறுப்பில் இருந்த மாணவர் நல்ல மனதோடு, "டிசைனை அனுப்புங்க, நாங்க வெட்டித் தர்றோம்" என்றாராம்.

"அக்கா, வெட்டித் தர ஆள் தேடி நான் போகலை. வெட்டக் கத்துக்கத்தான் போனேன்" என்றாள்.

நாங்கள் பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம்.

இந்த நாட்டில் மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்கான சட்டம் 1990இல் வந்தது. அதன்கீழ் வந்த 2010ஆம் ஆண்டின் தரவிதிகளில் அளவுகள் தெளிவாக இருக்கின்றன: உட்கார்ந்து வேலை செய்யும் மேசை 28 முதல் 34 அங்குல உயரம், நடைவழி 36 அங்குல அகலம், சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 60 அங்குல வட்டம், கை எட்ட வேண்டிய பொத்தான் 48 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு டேப்பை எடுத்து அளந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் அளவு மட்டும் போதாது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் மேக்கர்ஸ்பேஸ்களுக்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. அது வற்புறுத்தும் காரியம் இதுதான்: திட்டம் போடும்போதே மாற்றுத் திறனாளிகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்த பிறகு கூப்பிட்டுக் காட்டுவதில் பயன் குறைவு. கேட்டால்தான் தெரியும்: பார்வை குறைந்தவருக்கு இழுப்பறைகளில் பெரிய, பளிச்சென்ற எழுத்து வேண்டும். காது கேளாதவருக்குப் பயிற்சி வீடியோவில் எழுத்து ஓட வேண்டும், அபாய மணியோடு விளக்கும் மின்ன வேண்டும். உயரத்தை மாற்றக்கூடிய மேசை ஒன்று வந்தால், குள்ளமானவருக்கும், முதுகு வலிக்காரருக்கும், நெட்டையான அண்ணன்மாருக்கும் அதுவே உதவும்.

வேதத்தில் ஒரு பட்டறை உண்டு. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்யும்படி கர்த்தர் பெசலெயேலைப் பெயர் சொல்லி அழைத்து, தேவ ஆவியினால் நிரப்பினார். அவர் ஆசாரியர் அல்ல. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்கிறவர். யாத்திராகமம் 35ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். அவருக்கும் அகோலியாபுக்கும் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் வரமும் அருளப்பட்டது. ஸ்திரீகள் தங்கள் கைகளால் நூல் நூற்றுக் கொண்டுவந்தார்கள். "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் செய்து தருகிறோம்" என்று யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. மனம் ஏவப்பட்டவர்களுடைய கைகளுக்கு அங்கே வேலை இருந்தது.

இதை எழுதும்போது எங்களுக்கே குத்துகிறது. நம் ஆலயத்தில் பாடகர் குழு நிற்கும் மேடைக்கு மூன்று படிகள். அந்தத் தங்கை பத்து வயதிலிருந்து குழுவில் பாடுகிறாள், கீழே ஓரமாக இருந்துகொண்டு. "பாவம், அவளைச் சிரமப்படுத்த வேண்டாம்" என்று நாம்தான் பேசிக்கொண்டோம். அவளைக் கேட்கவில்லை. அன்று கேட்டோம். "மேலே எல்லாரோடும் நின்னு பாடணும்னு எப்பவும் ஆசைதான்" என்றாள்.

மேலே சொன்ன சட்டத்தில் மத ஸ்தாபனங்களுக்கு விலக்கு உண்டு. அதாவது, அந்த மூன்று படிகளுக்காக நம்மை யாரும் கேட்கப் போவதில்லை. ஆண்டவர் கேட்பார்.

தங்கை சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் மாற்றுத் திறனாளி மாணவர் அலுவலகத்துக்கு அளவுகளோடு கடிதம் எழுதினாள். உயரம் மாற்றும் மேசை ஒன்று வந்துவிட்டது. லேசர் கட்டர் விஷயம் இன்னும் பேச்சில் இருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்குப் போகிறவர்களே, உங்கள் மேக்கர்ஸ்பேஸுக்கு இந்த வாரம் ஒரு டேப்போடு போங்கள். யார் அங்கே வருவதில்லை என்று பாருங்கள். முடிந்தால் அவர்களையே கேளுங்கள். நாங்கள் அடுத்த சபைக் கமிட்டியில் சாய்தளம் பற்றிப் பேச இருக்கிறோம். வரைபடம் போடுகிறவள் அந்தத் தங்கைதான்.