பழைய விலாசத்தை மூடிவிடாதீர்கள்



விலாசம் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை எமது ஊவாத் தோட்டங்களில் வாழ்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். லயன்களில் குடியிருப்போருக்கு நீண்ட காலமாகத் தனித்தனி விலாசம் இருந்ததில்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் எழுதப்பட்ட கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, திகதி கடந்த பின்னர் வந்து சேர்ந்த கதைகள் மலையகத்துக்குப் புதியவை அல்ல. எழுதியவர் எழுதினார், முத்திரையும் ஒட்டினார். ஆனால் உரியவரிடம் சேரவில்லை.

இணையத்திலும் இதே நிலை உண்டு. பண்டாரவளையைச் சேர்ந்த ஒரு சகோதரி சென்ற மாதம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவர் சில வருடங்களாக 'ப்ளொகர்' என்னும் இலவச இடத்தில் தையல் முறைகளையும் சமையல் குறிப்புகளையும் எழுதி வருகிறார். அதைப் பார்த்து வெளியூர்களிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் ஓடர்கள் வருகின்றன. இப்போது சொந்தப் பெயரில் ஒரு தளம் தொடங்க விரும்புகிறார். "விலாசத்தை மாற்றினால், கூகுளில் தேடும்போது முதலில் வருகின்ற என் பக்கங்கள் காணாமல் போய்விடுமா?" என்பதே அவரது கேள்வி.

முறையாக மாற்றினால் போகாது. முறையின்றி மாற்றினால் நிச்சயம் போகும். இதன் காரணத்தை விளங்கிக் கொண்டால் செய்ய வேண்டியதும் தானாகவே விளங்கும்.

தேடுபொறி ஒரு பக்கத்தை எப்படி மதிக்கிறது? 1998இல் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு மாணவர்கள் கூகுளைத் தொடங்கியபோது ஓர் எளிய வழியைக் கையாண்டார்கள். ஒரு பக்கத்துக்கு மற்றவர்கள் கொடுக்கும் இணைப்புகளை அதற்கான சாட்சிகளாக எடுத்துக் கொண்டார்கள். நல்ல பெயருள்ளவர் சாட்சி சொன்னால் மதிப்பு அதிகம். இன்று தேடுபொறிகள் வேறு பல விடயங்களையும் பார்க்கின்றன. என்றாலும் இந்தச் சாட்சி இன்னமும் முக்கியமானது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சாட்சியம் எழுதப்படுவது உங்கள் பெயருக்கு அல்ல, உங்கள் பக்கத்தின் விலாசத்துக்கு. விலாசத்தை மாற்றிவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்தால், இத்தனை வருடங்களாகச் சேர்ந்த சாட்சியங்கள் ஆளில்லாத வீட்டு வாசலில் கிடக்கும். புதிய விலாசத்தில் நீங்கள் ஊருக்குப் புதியவராக நிற்பீர்கள்.

வீடு மாறும்போது நாம் தபாற் கந்தோரில் அறிவித்து வைப்பதில்லையா? பழைய விலாசத்துக்கு வரும் கடிதங்கள் புதிய வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படும். இணையத்தில் இதற்கு 'வழிமாற்று' என்று பெயர். 1996இல் எழுத்தில் வெளியான இணைய விதிமுறையிலேயே இதற்கு இலக்கங்கள் குறிக்கப்பட்டுள்ளன. 301 என்றால் "நிரந்தரமாக இடம் மாறிவிட்டது" என்று பொருள். 302 என்றால் "தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறது" என்று பொருள். பார்க்கின்ற வாசகருக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். ஆனால் தேடுபொறிக்கு அப்படியல்ல. 302ஐக் கண்டால், "இவர் திரும்பி வருவார்" என்று எண்ணிப் பழைய விலாசத்தையே தன் பட்டியலில் வைத்திருக்க முற்படும். ஆகவே நிரந்தரமாக மாறுபவர்கள் 301ஐயே பாவிக்க வேண்டும்.

இப்படித் திருப்பிவிடும்போது மதிப்பில் ஒரு பங்கு வழியிலேயே குறைந்துவிடும் என்ற பயம் முன்னர் பலருக்கு இருந்தது. அவ்வாறு இப்போது குறைவதில்லை என்று கூகுள் நிறுவனத்தின் கேரி இலியஸ் 2016 ஜூலையில் அறிவித்தார். எனவே அந்தப் பயத்தால் தயங்க வேண்டியதில்லை.

இனி, மாறும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது, ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கே அனுப்புங்கள். ஒரு கொப்பியில் இரண்டு நிரல்கள் போட்டு, இடப்பக்கம் பழைய விலாசத்தையும் வலப்பக்கம் புதிய விலாசத்தையும் எழுதிக் கொண்டால் போதும். பலர் சோம்பலில் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பி விடுகிறார்கள். வட்டிலப்பம் செய்யும் முறையைத் தேடி வந்தவரை வாசலில் நிறுத்தி, "உள்ளே எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள்" என்று சொல்வது போன்றது இது. வந்தவர் திரும்பிப் போய்விடுவார். தேடுபொறியும் அந்தப் பக்கம் இல்லாமற் போய்விட்டதாகவே கணக்கில் எடுக்கும்.

இரண்டாவது, சங்கிலியாகத் திருப்பாதீர்கள். முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்கு, அங்கிருந்து மூன்றாவது வீட்டுக்கு என்று அலைய விட்டால் வருபவர் களைத்துப் போவார். கூகுளின் கருவி ஒரு முறையில் பத்துத் திருப்பங்கள் வரைதான் பின்தொடரும். முதல் விலாசத்திலிருந்து கடைசி விலாசத்துக்கு நேரே ஒரே திருப்பமாக வைப்பதே நல்லது.

மூன்றாவது, உங்கள் பக்கங்களுக்கு உள்ளேயே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொடுத்திருக்கும் இணைப்புகளைப் புதிய விலாசத்துக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டிலுள்ளவர்களே பழைய விலாசத்தைச் சொல்லிக் கொண்டிருக்கலாமா?

நான்காவது, ஒரு சொந்தப் பெயரிலிருந்து இன்னொரு சொந்தப் பெயருக்கு மாறுபவர்களுக்காகக் கூகுளின் 'சேர்ச் கொன்சோல்' என்ற இலவசப் பகுதியில் விலாச மாற்றத்தை அறிவிக்க இடமுண்டு. இந்த அறிவித்தல் 180 நாட்களுக்குச் செல்லும். வழிமாற்றையோ குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. முடிந்தால் எடுக்காமலே விடுவது சிறந்தது. ஏனெனில் தேடுபொறி மறந்தாலும், உங்கள் பழைய விலாசத்தை எழுதி வைத்திருக்கும் மனிதர்கள் மறப்பதில்லை.

மாறிய பின் சில வாரங்களுக்கு உங்கள் இடம் மேலும் கீழுமாக அசையலாம். அதைக் கண்டு பதறி, மீண்டும் பழைய இடத்துக்கு ஓடாதீர்கள். பொறுமையாக இருங்கள்.

எங்கள் சகோதரியின் காரியம் உண்மையில் இதைவிட இலகுவானது. ப்ளொகரிலேயே இருந்து கொண்டு சொந்தப் பெயரை மட்டும் இணைத்தால், பழைய 'ப்ளொக்ஸ்பொட்' விலாசங்கள் யாவும் தாமாகவே புதிய பெயருக்குத் திரும்பும். அங்கிருந்து வேறொரு சேவைக்கு முழுமையாக மாறுவதுதான் சிரமம். 'வேர்ட்பிரஸ்' மென்பொருளைத் தமது சொந்த இடத்தில் வைத்து நடத்துபவர்களுக்கு 'ரிடைரெக்ஷன்' என்ற பெயரிலேயே ஓர் இலவசக் கருவி உண்டு. பழையதையும் புதியதையும் எழுதிக் கொடுத்தால் மீதியை அது பார்த்துக் கொள்ளும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. திருப்பிவிடும் ஏற்பாடு, பழைய பெயர் எங்கள் கையில் இருக்கும் வரைதான் நடக்கும். இதற்கு உதாரணம் தமிழ் வலைப்பூக்களிலேயே இருக்கிறது.

2012இல் ப்ளொகர், இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களை 'ப்ளொக்ஸ்பொட் டொட் கொம்' என்ற விலாசத்திலிருந்து 'ப்ளொக்ஸ்பொட் டொட் இன்' என்ற விலாசத்துக்குத் திருப்பத் தொடங்கியது. தமிழ்நாட்டு வாசகர்கள் தாம் கண்ட அந்த 'இன்' விலாசத்தையே ஒருவருக்கொருவர் பகிர்ந்து கொண்டார்கள். தமது எழுத்துகளிலும் குறிப்பிட்டார்கள். 2018இல் இந்த நாட்டுவாரி முறை கைவிடப்பட்டு, எல்லாம் மீண்டும் 'கொம்'முக்கே திருப்பப்பட்டன. அதுவரை பாதிப்பில்லை. 2020இல் 'ப்ளொக்ஸ்பொட் டொட் இன்' என்ற பெயரின் பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, வேறொருவர் கைக்குப் போனது. அந்த விலாசத்தில் பகிரப்பட்டிருந்த இணைப்புகள் உரிய பக்கத்துக்குப் போகாமல் அறுந்தன. எழுத்துகள் அழியவில்லை, 'கொம்' விலாசத்தில் அப்படியே இருந்தன. வழி மட்டுமே அறுந்தது. உலகப் பெரும் நிறுவனத்துக்கே இப்படி நேர்ந்தது என்றால் எங்கள் நிலை என்ன?

அதற்கும் முன்னர், 'ஜியோசிட்டீஸ்' என்ற இலவச இடத்தை யாஹூ நிறுவனம் 2009 ஒக்டோபரில் மூடியது. இணையத்தின் ஆரம்ப நாட்களில் தமிழர்களும் அங்கே பக்கங்கள் அமைத்திருந்தார்கள். அந்தப் பக்கங்கள் பழைய விலாசத்தில் இல்லாமற் போயின.

ஆகவே, வருடந்தோறும் பெயருக்கான பணத்தைக் கட்டும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். புதிய பெயருக்கு மாறிவிட்டோம் என்பதற்காகப் பழைய பெயரைக் கைவிட்டு விடாதீர்கள். அதை வேறொருவர் வாங்கி, உங்களைத் தேடி வருபவர்களுக்குத் தகாத ஒன்றைக் காட்டவும் கூடும். பெயரைப் பதியும்போது உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலுமே பதியுங்கள். தளம் செய்து தரும் தம்பியின் பெயரில் பதிந்துவிட்டால், அவர் வெளிநாடு போன பிறகு பெயரைப் புதுப்பிக்க உங்களால் முடியாது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வலைப்பின்னலை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ் லீ, நல்ல விலாசங்கள் மாறுவதில்லை என்ற கருத்தை 1998இலேயே ஒரு கட்டுரையாக எழுதினார். எனவே மாற்றத் தேவைப்படாத விலாசத்தை முதலிலேயே தெரிவு செய்யுங்கள். வருடத்தையோ, விலையையோ, 'புதியது' என்ற சொல்லையோ அதில் சேர்க்காதீர்கள். அடுத்த வருடமே அது பழையதாகிவிடும். தமிழ் எழுத்தில் அமைத்த பக்க விலாசம், பிரதி செய்யும்போது விழுக்காட்டுக் குறிகளும் இலக்கங்களும் நிறைந்த நீண்ட வரியாக மாறிவிடுவதுண்டு. பகிர்வதற்குச் சிறிய ஆங்கில எழுத்து விலாசமே வசதி.

சகோதரியே, நீங்கள் தாராளமாக மாறலாம். இந்த வாரமே கொப்பியை எடுத்து, அதிகம் பேர் வருகின்ற பக்கங்களின் விலாசங்களை எழுதத் தொடங்குங்கள். மாறிய பின் அவை ஒவ்வொன்றையும் நீங்களே அழுத்திப் பாருங்கள். உரிய இடத்துக்குப் போகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரி அடையாளம் இடுங்கள். உங்கள் விலாசத்தை நம்பி எழுதி வைத்திருப்பவர் ஒருவராயினும், அவர் வழி தவறாமல் வந்து சேர வேண்டும்.