லைசென்ஸ் துப்பாக்கி ரோட்டுக்கு வந்தால் விவசாயி குற்றவாளியா?



பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர், ஆலங்காயம் பக்கம் காட்டோரம் நிலம் வைத்திருக்கும் நம்மில் சிலரிடம், பயிர்ப் பாதுகாப்புக்கென்று அரசாங்கமே உரிமம் கொடுத்த துப்பாக்கி இருக்கிறது. அப்பன் காலத்தது, தாத்தன் காலத்தது. அது கொல்லையில் இருக்கிறவரை யாருக்கும் தொல்லையில்லை. ரோட்டுக்கு வந்தால்தான் வில்லங்கம்.

ரோட்டுக்கு நாமாகவா கொண்டு வருகிறோம்? உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், துப்பாக்கியைக் கொண்டு வா என்கிறார்கள். தணிக்கைக்குக் கொண்டு வா என்கிறார்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படை, முடிந்தால் வந்து எடுத்துக்கொண்டு போ என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மொபெட்டிலும் ஆட்டோவிலும் துப்பாக்கியைச் சுமந்து போகிறவர் யார்? அறுபது, எழுபது வயதுப் பெரியவர். பிள்ளைகள் விடியற்காலையே கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். கொல்லைக்குக் காவலும் கிழவர்தான், துப்பாக்கிக்குக் காவலும் கிழவர்தான்.

நம் பகுதியில் தேர்தல் எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2019 ஏப்ரலில் ஆம்பூர், குடியாத்தம் இடைத்தேர்தல். அதே ஏப்ரலில் நடக்க வேண்டிய வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5-ல் நடந்தது. 2021 ஏப்ரலில் சட்டமன்றம். 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சி. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சி. 2024 ஏப்ரலில் மறுபடி நாடாளுமன்றம். ஆகஸ்ட் என்றால் ஆடிப்பட்டத்து விதை மண்ணில் கிடக்கிற நேரம். அக்டோபர் என்றால் கடலை பிடுங்குகிற நேரம். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி தெரியுமா?

சிலர் கேட்பார்கள்: பன்றியைச் சுடத்தான் உங்களுக்கு அதிகாரமில்லையே, அப்புறம் துப்பாக்கி எதற்கு? உண்மைதான், சுடக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதைத் தடுக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவே முடியாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3-க்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். நம் கொல்லைகளில் பாதிக்கு மேல் காட்டை ஒட்டியே இருக்கின்றன. ராத்திரி காவலுக்குத் தனியாகப் படுக்கிறவனுக்குக் கையில் ஒரு தைரியம், ஒரு வெடிச்சத்தம். அதற்குத்தான் துப்பாக்கி. அதுவும் இல்லாமல் போனால் சிலர் திருட்டு மின்வேலிக்குப் போகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. மனிதர்களும் சாகிறார்கள். அந்த வழி நமக்கு வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய ஆயுதச் சட்டம், 1959. இதில் நான்கு பிரிவுகள் ஒவ்வொரு உரிமதாரருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பிரிவு 3: உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கவோ கொண்டு போகவோ கூடாது. ஆனால் இதிலேயே நமக்குச் சாதகமான ஒரு விலக்கு உண்டு. பழுது பார்க்கவோ, உரிமம் புதுப்பிக்கவோ, உரிமதாரர் உபயோகத்துக்காகவோ, உரிமதாரர் கூடவே இருந்தால், அல்லது அவர் எழுத்து மூலமாக அதிகாரம் கொடுத்தால், உரிமம் இல்லாத இன்னொருவர் கொண்டு போகலாம். நடக்க முடியாத பெரியவர் மகனிடம் கொடுத்தனுப்பலாம். ஆனால் வாய்ச்சொல் போதாது. தேதி, துப்பாக்கி எண், உரிம எண், எங்கே எதற்காகப் போகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

பிரிவு 19: போலீசார் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் துப்பாக்கியைக் கைப்பற்றலாம்.

பிரிவு 20: இதுதான் முக்கியம். உரிமம் இருந்தாலும் சரி, கொண்டு போகிற விதம் சந்தேகம் தருவதாக இருந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். சாக்கில் சுற்றி, வைக்கோலுக்கு அடியில் ஒளித்து, நடுராத்திரியில் கொண்டு போனால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? நாம் பயந்து ஒளிக்கிறோம். அதுவே நம்மைக் குற்றவாளியாகக் காட்டுகிறது.

பிரிவு 30: உரிமத்தின் நிபந்தனையை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பொது இடத்தில் துப்பாக்கியை அதற்குரிய உறையில் முழுக்க மூடித்தான் கொண்டு போக வேண்டும் என்கின்றன. தோளில் மாட்டிக்கொண்டு பஜாரில் நடப்பது வீரம் இல்லை, வழக்கு.

வண்டியில் ஏற்றுமுன் செய்ய வேண்டியது

முதலில் குழல் காலியா என்று பாருங்கள். மடக்குத் துப்பாக்கி என்றால் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியில் அப்படித் தெரியாது. கேப்பை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து. உள்ளே மருந்தும் ரவையும் அப்படியே இருக்கும். குச்சியை உள்ளே விட்டு அளந்து பாருங்கள். அடிவரை போகவில்லை என்றால் கெட்டிச்சி இருக்குது என்று அர்த்தம். அதை வண்டியில் ஏற்றாதீர்கள்.

துப்பாக்கி ஒரு உறையில், தோட்டா வேறு பையில். கருமருந்தைப் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றவே கூடாது. பீடி நெருப்பு ஒன்று போதும். வண்டியில் வைத்துவிட்டு டீ குடிக்க இறங்காதீர்கள். குடித்துவிட்டுத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். வீட்டிலிருந்து நேராகப் போக வேண்டிய இடம், அங்கிருந்து நேராக வீடு. கிட்டத்தில் இருக்கிறதே என்று காப்புக்காட்டுக் குறுக்குப் பாதையில் நுழையாதீர்கள். வேட்டைக்காரன் என்று வழக்கு வரும். சோதனையில் நிறுத்தினால் முதலில் வாயால் சொல்லுங்கள்: "ஐயா, லைசென்ஸ் துப்பாக்கி இருக்குது, காலியா இருக்குது, ஸ்டேஷனுக்குக் கொண்டு போறேன்." அப்புறம் உரிமப் புத்தகத்தை எடுங்கள்.

இன்னொன்று, எல்லை. உரிமத்தில் எந்த எல்லை எழுதியிருக்கிறதோ அதற்குள்தான் செல்லும். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா கிட்டத்தில்தான், ஆனால் அது ஆந்திரா. 2019 நவம்பரில் நம் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. பேரணாம்பட்டு வேலூரில், ஆம்பூர் திருப்பத்தூரில். பழைய புத்தகத்தில் "வேலூர் மாவட்டம்" என்று மட்டும் இருந்தால் இன்றே திருத்தி எழுதி வாங்குங்கள்.

உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்குச் சங்கம் வக்காலத்து வாங்காது. 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. ஒருவன் செய்கிற காரியத்தால் ஊரே தலைகுனிய வேண்டாம்.

நாம் ஒழுங்காக இருப்போம். அரசாங்கமும் ஒழுங்காக இருக்க வேண்டாமா?

தேர்தல் ஆணையத்தின் அறிவுரை என்ன? ஒவ்வொரு உரிமதாரரையும் தனித்தனியாகப் பரிசீலிக்க வேண்டும். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் போன்றோரிடம் வாங்கி வைக்க வேண்டும் என்பதுதான். எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது என்று 2024-ல் அலகாபாத் உயர் நீதிமன்றமும் கூறியது. எந்த வழக்கும் இல்லாத கடலை விவசாயியும், கட்டப்பஞ்சாயத்து ரவுடியும் ஒரே வரிசையில் நிற்பது என்ன நியாயம்?

நம் கோரிக்கைகள்:

1. தேர்தல் நேரத்தில் தனித்தனிப் பரிசீலனை செய்! வழக்கில்லாத பயிர்ப் பாதுகாப்பு உரிமதாரருக்கு விலக்குக் கொடு!

2. வாங்கி வைக்கும் துப்பாக்கிக்கு எண்ணும் நிலையும் எழுதி ரசீது கொடு! துருப்பிடிக்காமல் வைத்து, தேர்தல் முடிந்ததும் இழுத்தடிக்காமல் திருப்பிக் கொடு!

3. தணிக்கைக்கும் புதுப்பித்தலுக்கும் பிர்கா அளவில் முகாம் நடத்து! முதியவர்களை ஊர் ஊராக அலைய விடாதே!

4. மாவட்டப் பிரிவினையால் வந்த எல்லைக் குழப்பத்தை அலுவலகமே திருத்திக் கொடு!

5. எழுத்து அதிகாரத்தோடு வரும் மகனையோ தம்பியையோ மடக்காதே என்று சோதனைச் சாவடிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பு!

துப்பாக்கி ரோட்டில் போகும் தூரம் குறைந்தால் விவசாயிக்கும் நல்லது, போலீசுக்கும் நல்லது, பொதுமக்களுக்கும் நல்லது. இதைச் செய்ய அரசாங்கத்துக்குப் பைசா செலவில்லை, மனசுதான் வேண்டும்.

உரிமதாரர்கள் எல்லோரும் அடுத்த விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு மனுவோடு வாருங்கள். உரிமம் இல்லாத விவசாயிகளும் துணைக்கு வாருங்கள். உரிமத்தின் நகல் போதும். துப்பாக்கி வீட்டிலேயே பூட்டியிருக்கட்டும்!

ஒன்றுபடுவோம்! உரிமை காப்போம்!