சாவி யாருடைய இடுப்பில்?

நம் வீடுகளில் உண்மையான யஜமானர் யார் என்பதைக் கண்டுபிடிக்க ரிஜிஸ்திரார் ஆபீஸுக்குப் போகவேண்டியதில்லை. வீடும் நிலமும் யாருடைய பெயரில் எழுதப்பட்டிருந்தாலும் சரி, இரும்புப் பெட்டியின் சாவிக் கொத்து யாருடைய இடுப்பில் தொங்குகிறதோ அவரே யஜமானர்! பத்திரம் பெயரைச் சொல்லும்; பெட்டியைத் திறப்பது சாவிதான். இந்தப் பழைய உண்மையைக் கணிப்பொறி யுகமும் புதிய முறையில் மெய்ப்பித்திருக்கிறது. அந்த விந்தையை இந்த வாரம் சிறிது ஆராய்வோம்.

2008-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி, ஸடோஷி நகமோட்டோ என்ற பெயரைத் தாங்கி, ஒன்பது பக்கமுள்ள கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அந்தப் பெயருக்கு உரியவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளியாகாத மர்மம். மேனாட்டில் மலைபோல் நின்ற பாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்துகொண்டிருந்த சமயம் அது. நடுவில் பாங்கி எதுவும் இல்லாமலே ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்புவது எப்படி என்பதே கட்டுரையின் விஷயம். 2009 ஜனவரி 3-ந் தேதி அந்த யோசனை பிட்காயின் என்ற பெயருடன் நடைமுறைக்கு வந்தது.

பிட்காயினுக்கு ஆதாரமான பிளாக்செயின் என்பது வேறொன்றுமில்லை. அது ஒரு பெரிய பேரேடு. கிராமத்துக் கணக்குப் பிள்ளையிடம் இருந்த பேரேடு ஒன்றே ஒன்று. அதில் ஒரு வரியைச் சுரண்டி மாற்றி எழுதிவிட்டால் ஓர் ஏழையின் நிலம் பறிபோயிற்று. இந்தப் பேரேடோ உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரே சமயத்தில் பிரதி செய்யப்பட்டு வருகிறது. ஒவ்வோர் ஏடும் தனக்கு முந்திய ஏட்டின் முத்திரையைத் தாங்கி, அதனுடன் சங்கிலிபோல் பிணைந்திருக்கிறது. பழைய ஏட்டில் ஒரு புள்ளியை மாற்றினாலும் பிந்திய முத்திரைகள் அவ்வளவும் பொருந்தாமல் போய், குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தப் பேரேட்டில் ஒருவருடைய பொருளை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவது எப்படி? கோயில் உண்டியலை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் வாயில் யார் வேண்டுமானாலும் காணிக்கை போடலாம். திறப்பதற்குத்தான் சாவி வேண்டும். அது போலவே இங்கும் ஊரறிந்த விலாசம் ஒன்றும், உடையவர் மட்டுமே அறிந்த இரகசியச் சாவி ஒன்றும் உண்டு. இந்தச் சாவி இரும்பாலோ பித்தளையாலோ ஆனதன்று. அது வெறும் எண். எழுதினால் 78 இலக்கம் வரையில் நீளக்கூடிய எண். அவ்வளவு நீண்ட எண்ணை யாரால் பிழையின்றி எழுதிவைக்க முடியும்? ஆகவே, 2,048 சொற்கள் கொண்ட ஜாபிதா ஒன்றிலிருந்து பொறுக்கிய 12 அல்லது 24 சொற்களாக அதை மாற்றித் தருகிறார்கள். அந்தச் சொற்களை வரிசை பிசகாமல் அறிந்தவர் எவரோ, அவரே உடையவர். பேரேடு முகம் பார்ப்பதில்லை. குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை. சாட்சி கேட்பதும் இல்லை.

இதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்கிறது. சாவி நம்மிடம் இருக்கும் வரையில் எந்தப் பாங்கியின் காரியதரிசியும் கதவைச் சாத்திவிட்டு "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்ல முடியாது. பொருள் விஷயத்தில் இது ஒருவகைச் சுயராஜ்யம் என்றே சொல்லலாம். ஆனால் சுயராஜ்யம் என்பது உரிமை மட்டுந்தானா? பொறுப்பும் அதனுடன் கூடவே வந்து சேர்கிறது. பாங்கிப் புஸ்தகம் தொலைந்தால் மனுப் போட்டு வேறு வாங்கலாம். இந்தச் சாவி தொலைந்தால் மனுப் போடுவதற்கு ஆபீஸே கிடையாது!

வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரவாசி ஒருவரின் கதை உலகப் பிரசித்தம். சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி பதிந்திருந்த தகடு, 2013-ம் வருஷத்தில் வீட்டைச் சுத்தம் செய்தபோது குப்பையோடு குப்பையாய்ப் போய்விட்டது. நகரசபையின் குப்பை மேட்டைத் தோண்டிப் பார்க்க அநுமதி கேட்டு அவர் பல வருஷம் போராடினார். 2025 ஜனவரியில் ஹைகோர்ட்டு அவருடைய வழக்கைத் தள்ளிவிட்டது. பொருள் பேரேட்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது, உலகமே பார்க்கலாம், யாராலும் தொடமுடியாது. குபேரனுடைய பொக்கிஷத்துக்கு எதிரில் பட்டினி கிடப்பது என்றால் இதுதான்.

"அப்படியானால், விஷயம் தெரிந்த பெரிய கம்பெனியிடம் சாவியை ஒப்படைத்துவிட்டால் என்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். அப்படியும் லட்சக்கணக்கானவர்கள் செய்து பார்த்தார்கள். டோக்கியோ நகரில் மவுண்ட் காக்ஸ் என்ற நிலையம், 2014 பிப்ரவரியில், சுமார் எட்டரை லட்சம் பிட்காயின்களைக் காணோம் என்று கையை விரித்தது. அவற்றில் சுமார் இரண்டு லட்சம் மட்டும் பிற்பாடு அகப்பட்டன. பணம் போட்டவர்களுக்கு நாணயமாகத் திருப்பித் தர ஆரம்பித்தது 2024 ஜூலையில். அதாவது பத்து வருஷம் கழித்து!

கனடா தேசத்து குவாட்ரிகா கம்பெனியின் கதை இன்னும் பரிதாபமானது. அதன் தலைவர் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூருக்கு வந்திருந்த இடத்தில் இறந்துபோனார். சாவிகள் அவர் ஒருவருக்கே தெரியும் என்று கம்பெனி அறிவித்தது. 76,000-க்கு மேற்பட்டவர்கள் தவித்துப் போனார்கள். பெட்டிகளை ஆராய்ந்தபோது அவற்றில் பெரும்பாலும் காற்றுத்தான் இருந்தது. ஜனங்களுடைய பணத்தை அந்த மனிதர் முன்பே சூதாட்டம் போன்ற வியாபாரத்தில் விட்டுவிட்டார் என்றும், மொத்த நஷ்டம் குறைந்தது 16 கோடியே 90 லட்சம் கனடா டாலர் என்றும் ஒண்டாரியோ மாகாண அதிகாரிகள் 2020-ல் அறிக்கை வெளியிட்டார்கள்.

ஒரே கையில் சாவி இருந்தால் கையோடு சாவியும் போய்விடுகிறது. அந்நியர் கையில் இருந்தால் பொருளே போய்விடுகிறது. இதற்கு நடுவழி கிடையாதா?

உண்டு. அதைக் கண்டு சொன்னவர் அடி ஷாமிர் என்ற இஸ்ரேலியக் கணித நிபுணர். சொன்ன வருஷம் 1979. பிட்காயின் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னால்! அவருடைய யுக்தி நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் விளங்கக் கூடியது. காகிதத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்து, அதன் வழியாக நேர்கோடு போடச் சொன்னால், கணக்கில்லாத கோடுகள் போடலாம். இரண்டு புள்ளிகள் வைத்துவிட்டாலோ, போடக்கூடிய கோடு ஒன்றுதான். கோடு காகிதத்தின் ஓரத்தை எந்த இடத்தில் தொடுகிறதோ, அதுவே இரகசியம் என்று வைத்துக் கொள்வோம். கோட்டின் மேலுள்ள மூன்று புள்ளிகளை மூன்று பேரிடம் தனித்தனியே கொடுத்துவிட வேண்டியது. எந்த இருவர் கூடினாலும் கோட்டைப் போட்டு இரகசியத்தை அறியலாம். தனி ஒருவர் தலைகீழாய் நின்றாலும் அறியமுடியாது. ஐவரில் மூவர் கூடவேண்டும் என்றால், நேர்கோட்டுக்குப் பதில் வளைகோட்டை உபயோகிக்க வேண்டியதுதான்.

பன்னிரண்டு சொற்களை நந்நான்காகக் கிழித்து மூவரிடம் கொடுப்பதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். கிழித்துக் கொடுத்தால், ஒருவருடைய சீட்டு தொலைந்தாலும் எல்லாம் தொலைந்தது. ஷாமிர் முறையிலோ ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும்.

இதே கருத்தைப் பேரேட்டிலேயே எழுதிவைக்கும் முறையும் உண்டு. மூன்று சாவிகளை உண்டாக்கி, இரண்டு கையொப்பம் விழுந்தால்தான் பொருள் நகரும் என்று விதித்துவிடலாம். ஈதரியம் என்ற மற்றொரு பேரேட்டின் கர்த்தாக்களில் ஒருவரான விடாலிக் புடெரின், 2021-ல் வேறொரு வழியை வற்புறுத்தினார். அன்றாடச் செலவுக்குச் சாவி உடையவரிடமே இருக்கும். அது தொலைந்துபோனால், அவர் முன்னதாகவே நியமித்த காப்பாளர்களில் பெரும்பான்மையோர் கூடிப் புதுச் சாவியை அமர்த்தலாம். ஆனால் காப்பாளர் எவரும் தனியே பொருளைத் தொட முடியாது. நம் ஊர்களில் பஞ்சாயத்து என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

ஆயினும், கைகள் பலவாக இருந்தால் மட்டும் போதுமா? 2024 ஜூலையில் இந்தியாவின் வஸீர்எக்ஸ் நிலையத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள பொருள் களவு போயிற்று. அங்கே ஆறு கையொப்பக்காரர்கள் இருந்தார்கள். நால்வர் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது என்ற விதியும் இருந்தது. ஆனால் திரையில் தெரிந்தது ஒன்று, கையொப்பம் விழுந்தது வேறொன்றின்மேல் என்று நிலையத்தார் கூறினார்கள். இது வட கொரியாவின் வேலை என்று அமெரிக்கா, தென் கொரியா ஆகிய இரண்டு சர்க்கார்களும் 2025 ஜனவரியில் அறிவித்தன. படித்துப் பார்க்காமல் பத்திரத்தில் கைநாட்டு வைத்த நம் பாட்டனாரைப் பரிகசித்தோமே, இதற்கு என்ன சொல்லப் போகிறோம்? பல கைகள் இருந்தால், அத்தனை ஜோடிக் கண்களும் தனித்தனியே விழித்திருக்க வேண்டும். எல்லாரும் ஒரே கண்ணாடி வழியாகப் பார்த்தால், பத்துப் பேரும் ஒருவரே.

இந்தக் களவின் விளைவாக நம் சென்னையிலேயே ஒரு நன்மை நிகழ்ந்தது. நிலையத்தில் ஏறக்குறைய இரண்டு லட்ச ரூபாய்க்கு வேறொரு வகை நாணயம் வாங்கியிருந்த ஒரு பெண்மணி, தம் பொருள் களவு போனவற்றில் சேராதிருக்க, பிறர் நஷ்டத்தைத் தாம் ஏன் சுமக்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 அக்டோபரில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இது சட்ட நாணயமும் அன்று, கையால் தொடக்கூடியதும் அன்று, ஆயினும் இது சொத்துத்தான் என்றும், பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கத் தகுந்தது என்றும் கூறி, அந்தப் பெண்மணிக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். சாவி அந்நியர் கையில் இருந்தாலும், பொருள் அந்நியருடையது ஆகிவிடாது என்பது இதன் தாத்பரியம். பேரேடு சாவியை மட்டுமே அறியும். நியாயத்தை அறிய நீதிமன்றம் வேண்டித்தான் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால், நேயர்கள் உடனே நகையை விற்றுப் பிட்காயின் வாங்கவேண்டும் என்று நாம் உபதேசிப்பதாக எண்ணவேண்டாம். விலை ஏறி இறங்கும் வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றுகிறது. 2022 முதல் லாபத்தில் நூற்றுக்கு 30 வரியாக வாங்கிக்கொள்ளும் நம் சர்க்கார், நஷ்டத்தில் பங்கு கொள்வதாகவும் காணோம். ஆனால் இன்று எத்தனையோ வீடுகளில் வாலிபர்கள், பெற்றோருக்குச் சொல்லாமலே, இந்தப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறார்கள். அவர்களுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், தாயாரோ மனைவியோ எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பது? வாரிசு சர்டிபிகேட்டைக் காட்டினால் பேரேடு இளகப் போவதில்லை.

ஆகவே, அத்தகைய பொருள் வைத்திருப்போருக்கு நாம் சொல்லக் கூடியது இதுதான்: சாவியை அந்நியரிடம் கொடுக்காதீர்கள், தனி ஒருவராகவும் வைத்துக்கொள்ளாதீர்கள். நம்பத்தகுந்த மூவரிடையே பகிருங்கள். அந்த மூவரில் ஒருவராவது வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும். எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்பதை அவளுக்கு உட்கார்ந்து விளக்குங்கள். பெரிய எண்களின் கணித சாஸ்திரமெல்லாம் கடைசியில் அந்த அரைமணி நேரப் பேச்சை நம்பித்தான் இருக்கிறது.